தேய்ந்த மேற்பலகை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தச்சாசாரியார் மரத்தின்மேல் அடிக்கும் நூலுக்கும், நாம் கையில் எடுத்து வாசிக்கும் நூலுக்கும் தமிழில் ஒரே பெயர். இதனைத் தற்செயலான ஒற்றுமை என்று நமது இலக்கண ஆசிரியர்கள் விட்டுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலைச் செய்த பவணந்தி முனிவர், அதன் பாயிரத்திலே நூலுக்குப் பெயர் வந்த காரணத்தை இரண்டு விதமாக விளக்குகிறார். பஞ்சைக் கொண்டு இழை நூற்பது போலச் சொற்களைக் கொண்டு நூற்கப்படுவது என்பது ஒன்று. தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல மனிதரின் மனக் கோணலைத் தீர்ப்பது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது உவமையின் முழுக் கனதியையும் உணர வேண்டுமானால், தச்சுக் கொட்டில் ஒன்றிலே சிறிது நேரமாவது நின்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்த நூல் தானாகவே நேராக நிற்கும். அதன் நேர்மைக்கு வேறொரு சான்று வேண்டியதில்லை. ஆனால் தச்சுத் தொழிலில் நேர்மைக்கு ஆதாரமாக உள்ள மற்றப் பொருள்கள் அப்படியானவை அல்ல. அவை மனிதர் செய்தவை. பாவிக்கப் பாவிக்கத் தேய்பவை. அவ்வாறு தேய்ந்த ஒன்றை எப்படி மாற்றுவது, மாற்றும்போது பழையதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், பழைய வாள்மேசை ஒன்றின் தேய்ந்த மேற்பலகையை மாற்றுவது பற்றியே பேசப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் தச்சு வேலைக்கு என்ன அலுவல் என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன். நாம் போய்ச் சேரும் இடம் ஏட்டுச் சுவடிகள்தான்.

முதலில் வாள்மேசை என்பது என்ன என்று பார்ப்போம். கைவாளால் அறுக்கும்போது மரம் அசையாமல் கிடக்கும், வாள்தான் போய்வரும். முற்காலத்திலே பெருமரங்களை மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளால் அரிந்தார்கள். அங்கும் மரம் அசைவதில்லை. கோடு பிசகாமல் போவது முழுவதும் அரிபவரின் கையிலும் கண்ணிலும் தங்கியிருந்தது. வட்டவாள் வந்ததும் இந்த முறை தலைகீழாயிற்று. 1777ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமையில் வட்டவாள் பற்றிய குறிப்பு இருக்கிறது. வட்டவாள் தன் இடத்தில் நின்றபடியே சுழலும். நகர வேண்டியது மரம். அந்த மரம் எதன்மேல் நகர்கிறதோ அதன் சமதளத்தைப் பொறுத்தே வெட்டு நேராகவோ கோணலாகவோ அமையும். கைவாளின் காலத்தில் மனிதனின் கையில் இருந்த நேர்மை, வட்டவாளின் காலத்தில் மேசைக்கு இடம் மாறிவிட்டது எனலாம்.

எங்களுடைய ஊர்களில் உள்ள சிறிய தச்சுக் கொட்டில்களிலே கம்பனி செய்து அனுப்பிய இரும்பு மேசைகள் குறைவு. நான்கு தடித்த மரக்கால்கள், அவற்றை இணைக்கும் சட்டங்கள், இரண்டு பெயாரிங்குகளில் பொருத்திய சுழல்தண்டு, தண்டின் ஒரு முனையில் வட்டவாள், மறுமுனையில் பெல்ட் ஓடும் சில்லு, கீழே ஒரு மோட்டர். இவையெல்லாவற்றுக்கும் மேலே கனத்த பலகையொன்று. அதிலுள்ள நீண்ட பிளவினூடாக வாளின் மேற்பகுதி வெளியே தெரியும். பிளவுக்கு ஒரு பக்கத்தில், வாளுக்குச் சமாந்தரமாக, நேரான கட்டையொன்று இறுக்கப்பட்டிருக்கும். அறுக்க வேண்டிய பலகையை அந்தக் கட்டையோடு அணைத்துத் தள்ளினால் வேண்டிய அகலத்தில் வெட்டு விழும்.

ஆண்டுக்கணக்காக முதிரையும் பாலையும் வேம்பும் தேக்கும் அந்த மேற்பலகையின்மேல் வழுக்கிச் செல்கின்றன. வாளுக்கு முன்னால், மரத்தை வைத்து அழுத்தும் இடம் முதலில் தேய்கிறது. இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தேய்வு கண்ணுக்குத் தேய்வாகத் தெரிவதில்லை, மெருகாகத் தெரிகிறது. மேசையிலேயே மிக அழகான இடம், தடவிப் பார்க்க ஆசை வருகின்ற இடம், அந்தப் பள்ளம் விழுந்த இடம்தான்.

பள்ளத்தின்மேல் வைத்த மரம் ஆடும். வாள் செங்குத்தாகவே நிற்க, மரம் சற்றே சரிந்து போவதால் வெட்டுமுகமும் சரிவாக அமையும். ஒரு வெட்டில் அது தெரியாது. அவ்வாறு அறுத்த நான்கு சட்டங்களைக் கூட்டி ஒரு கதவு செய்தால், நான்கு மூலைகளிலும் உள்ள சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து கதவு ஒரு மூலையில் முட்டும். வீட்டுக்காரர் ஆசாரியாரைக் குறை சொல்வார். ஆசாரியார் மரம் காயவில்லை என்பார். மேசையை எவரும் சந்தேகிப்பதில்லை. ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் நாங்கள் மேசையை வைத்துத்தான் சரி பார்க்கிறோம்.

கதவு முட்டுவதோடு விடயம் முடிவதுமில்லை. காலப்போக்கில் பிளவும் அகன்று போகும். அறுபடும் மெல்லிய துண்டுகள் அந்த இடைவெளியில் விழுந்து, சுழலும் வாளுக்கும் பலகைக்கும் இடையே இறுகும். வழிகாட்டும் கட்டை வாளுக்குச் சமாந்தரமாக நில்லாமல் பின்புறத்தில் நெருங்கி நின்றால், மரம் வாளின் பின்பற்களில் நெரிபட்டு, தள்ளியவரை நோக்கியே எறியப்படும். தச்சுத் தொழிலாளரிடையே விரல் இழந்தவர்களை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். மேற்பலகையை மாற்றுவது அழகுக்காகச் செய்யும் வேலையன்று.

நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில், பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் ஒரு தச்சுக் கொட்டில் இருந்தது. எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசாரியார் அதை நடத்தி வந்தார். அவருடைய வாள்மேசையின் மேற்பலகையை மாற்றிய நாட்கள் விடுமுறை நாட்களாக அமைந்தபடியால், அந்த வேலை முழுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞன், பழைய பலகையைக் கழற்றிப் புதிய பலகையின்மேல் வைத்து, சுற்றிவரக் கோடு கீறி, அப்படியே அறுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு புரியாணிகளைக் கழற்றத் தொடங்கினான். ஆசாரியார் அவனைத் தடுத்தார்.

“பொறு தம்பி. கழற்றினாப் பிறகு உது வெறும் பலகை. இப்ப மேசை. மேசையாய் இருக்கேக்கையே அதிட்டைக் கேக்க வேண்டியதைக் கேட்டு முடி.”

அவர் கேட்ட கேள்விகள் என்ன? சுழல்தண்டிலிருந்து மேசையின் முன்விளிம்பு எவ்வளவு தூரம், வாள் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது, மேசையை உயர்த்தவும் பதிக்கவும் உதவும் பின்புறக் கீல்கள் எங்கே நிற்கின்றன என்பனவற்றையெல்லாம் ஒரு மட்டையில் குறித்துக்கொண்டார். எல்லா அளவுகளையும் சுழல்தண்டிலிருந்தே எடுத்தார். மேற்பலகையின் விளிம்பிலிருந்து ஓர் அளவும் எடுக்கவில்லை. விளிம்பு தேய்ந்தது, அடிபட்டது. சுழல்தண்டு தன் இடத்தை விட்டு அசையாதது. அதன் பிறகுதான் பலகையைக் கழற்றினார்கள்.

கழற்றிய பலகையைத் திருப்பிப் போட்டபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். மேல்முகம் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்ததே தவிர, கீழ்முகம் செய்த அன்று இருந்தது போலவே இருந்தது. முதன்முதலாக அந்த மேசையைச் செய்தவர் கீறிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. ஆசாரியார் அந்தக் கோடுகளைத் தம் அளவுகளோடு நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

பலகையின் ஒரு கரையில் ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு வெட்டு இருந்தது. எலி அரித்தது போன்ற கரடுமுரடான வெட்டு. அது எப்போதோ பட்ட சேதம், புதிய பலகைக்குத் தேவையில்லை என்றான் இளைஞன். ஆசாரியார் மேசைச் சட்டத்தைக் காட்டினார்.

“அது சேதம் இல்லைத் தம்பி. மேசையைப் பதிக்கேக்கை பெல்ட் முட்டாமல் இருக்கிறதுக்கு ஆரோ வெட்டி இருக்கினம். வடிவாய் வெட்டேல்லை, ஆனால் காரணத்தோடை வெட்டி இருக்கினம்.”

அழகான பள்ளம் தேய்வு. அசிங்கமான வெட்டு காரணத்தோடு செய்த வேலை. இதைக் கேட்ட எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. எது தேய்வு, எது வேலை என்று எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒவ்வொண்டையும் ஏன் எண்டு கேளுங்கோ மாஸ்ரர். காரணம் சொன்னால் அது வேலை. சொல்லாட்டில் தேய்வு.”

“காரணம் விளங்காட்டில்?”

“விளங்காததை எறியிறேல்லை. மட்டையிலை கீறி வைக்கிறது. எனக்குப் பிறகு வாறவனுக்கு விளங்கும்.”

புதிய பலகைக்கு அவர் தெரிந்தெடுத்தது, இடித்த பழைய வீடொன்றிலிருந்து வந்த முதிரைக் கதவுப் பலகைகள். காரணம் சிக்கனம் மட்டுமன்று. மரம் வெட்டிய பிறகும் நெடுங்காலத்துக்கு ஈரத்தை விட்டுச் சுருங்கிக்கொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகும் மாரியில் சற்று விரியும், கோடையில் சற்றுச் சுருங்கும். இந்த அசைவு நார் ஓடும் நீளவாட்டில் மிகக் குறைவு; அகலவாட்டில் அதிகம். ஆகவே ஒரே அகலப் பலகையைப் போடாமல் ஒடுங்கிய துண்டுகளைப் பசையிட்டுக் கூட்டினார். கீழே இரண்டு குறுக்குச் சட்டங்களை வைத்து, அவற்றில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக நீள்துளைகள் இட்டுப் புரியாணி பூட்டினார். பலகை விரியும்போது புரியாணி அந்தத் துளையில் சற்றே நகரும், பலகை வெடிக்காது. இறுக்கிப் பிடிப்பதும் அசைய இடம் கொடுப்பதும் ஒரே புரியாணியின் வேலைகளாக இருந்ததைக் கண்டேன்.

அடுத்து மேல்முகத்தைச் சமப்படுத்தும் வேலை. சீவுளியால் குறுக்காகவும் மூலைவாட்டிலும் சீவினார். பலகை முறுக்கியிருக்கிறதா என்று அறிவதற்கு, இரண்டு நேர்க்கட்டைகளை இரு முனைகளிலும் வைத்து, குனிந்து ஒன்றின் மேலாக மற்றதைப் பார்த்தார். இரண்டின் மேல்விளிம்புகளும் ஒன்றோடொன்று பொருந்தித் தெரிந்தால் முறுக்கு இல்லை. அந்தக் கட்டைகளே நேரானவை என்பதற்கு என்ன அத்தாட்சி? அதற்கும் ஓர் எளிய வழி வைத்திருந்தார். கட்டையை ஒரு பலகையில் வைத்து அதன் விளிம்போடு ஒரு கோடு கீறினார். பிறகு கட்டையை மறுபக்கமாகப் புரட்டி, அதே விளிம்பை அதே கோட்டோடு வைத்து மீண்டும் கீறினார். கட்டை நேராக இருந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றாகும். கோணலாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே வெளி தெரியும்; அந்த வெளி, கோணலைப்போல இரு மடங்கு. மூலைமட்டத்தையும் இவ்வாறே புரட்டிச் சோதிக்கலாம். தன்னைப் புரட்டிப் பார்க்க விடாத அளவுகோலை நம்பக் கூடாது என்பது தச்சுத் தொழிலின் பழைய பாடம்.

கடைசியாகப் பிளவு. அதை மட்டும் அவர் அளந்து வெட்டவில்லை. பிளவில்லாத முழுப்பலகையைக் கீல்களில் பூட்டி, உயர்த்தி வைத்துக்கொண்டு, மோட்டரை ஓடவிட்டு, மேசையைச் சிறிது சிறிதாகப் பதித்தார். சுழலும் வாள் கீழிருந்து மேலாகப் பலகையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. வாளின் பருமன் எவ்வளவோ அவ்வளவே பிளவும் அமைந்தது. இரு பக்கத்திலும் ஒரு நூல் அளவு இடைவெளிகூட இல்லை. தச்சரின் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பாருங்கள், நூல் என்ற சொல் அங்கே ஓர் அளவாகவும் இருக்கிறது.

நேயர்களே, மேற்பலகை மாறிய வாள்மேசை பழைய வாள்மேசைதானா என்று கேட்கலாம். இது மிகப் பழைய கேள்வி. கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க், தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்த கதையைச் சொல்கிறார். உக்கிய பலகைகளைக் கழற்றிப் புதிய பலகைகளைப் பூட்டிக்கொண்டே வந்தார்களாம். அது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், அதே கப்பல் அன்று என்று மற்றொரு சாராரும் விவாதித்தார்களாம். தத்துவ அறிஞர்களின் கேள்வி அது. ஆனால் தச்சரின் கேள்வி அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. புதிய பலகையை எதைப் பார்த்து வெட்டினீர்கள்? உக்கிப்போன பலகையின் உருவத்தைப் பார்த்தா, அல்லது உக்குவதற்கு முன்பு அது இருந்திருக்க வேண்டிய உருவத்தைப் பார்த்தா? முதலாவதாயின் உக்கலையும் சேர்த்தல்லவா பிரதி பண்ணியிருக்கிறீர்கள்!

இரும்பு மேசைகளிலும் இதே சிக்கல் உண்டு. வார்ப்பிரும்பு மேசையின் சமதளத்தை எதை வைத்துச் சரி பார்ப்பது? அதைவிடச் சமமான இன்னொரு தளத்தை வைத்து. அந்தத் தளத்தை எதை வைத்து? இந்தக் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் பொறியியலாளர்கள் கண்ட விடை மிக நயமானது. லண்டனில் ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையில் சமதளத் தட்டுகளுக்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுக்கப்பட்டது. அங்கே வேலை செய்த ஜோசப் விட்வேர்த், 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் நடந்த பிரித்தானிய விஞ்ஞானச் சங்கக் கூட்டத்தில் மெய்யான சமதளங்களை ஆக்குவது பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்.

முறை இதுதான். ஒரு தட்டில் மெல்லிதாகச் சாயம் பூசி மற்றத் தட்டின்மேல் வைத்து அசைத்தால், மேடான இடங்களில் சாயம் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்ட வேண்டும். மீண்டும் சாயம், மீண்டும் சுரண்டல். ஆனால் இரண்டு தட்டுகள் மட்டும் இருந்தால் ஓர் ஆபத்து உண்டு. ஒன்று சற்றே குழிந்தும் மற்றது அதே அளவுக்குச் சற்றே குவிந்தும் இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று மிக அழகாகப் பொருந்திவிடும். இரண்டுமே பிழை; ஆனால் இரண்டுக்கும் இடையே பூரண உடன்பாடு. ஆகவே மூன்றாவது தட்டு வேண்டும். குழிவோடு பொருந்துவது குவிவோடு பொருந்தாது. மூன்று தட்டுகளும் எந்த இரண்டை எடுத்தாலும், எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்துகின்ற அளவுக்குச் சுரண்டிக்கொண்டே போனால், மூன்றும் சமதளமாகிவிடுகின்றன. அவற்றைவிட மேலான அளவுகோல் ஒன்று வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. குறையுள்ள மூன்றிலிருந்தே நேர்மை பிறக்கிறது.

இந்த இடத்தில் நாம் ஏட்டுச் சுவடிகளுக்கு வந்துவிட்டோம்.

பனையோலை நிலையானதன்று. எங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் அது ஒடியும், பூச்சி அரிக்கும். ஆகவே பழைய ஏடு அழிவதற்கு முன்பு புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். அது பழுதாக மீண்டும் பெயர்த்தெழுதினார்கள். நாம் இன்று தொல்காப்பியம் என்றும் கலித்தொகை என்றும் வாசிப்பவை, இவ்வாறு எத்தனையோ தடவைகள் மேற்பலகை மாற்றப்பட்டு வந்தவை. பெயர்த்தெழுதியவர் முன்னால் இருந்த கேள்வியும் அந்த இளைஞன் முன்னால் இருந்த கேள்விதான். பழைய ஏட்டில் கண்டதை அப்படியே வரைந்தால் தேய்வையும் சேர்த்து வரைய நேரும். தமக்குத் தோன்றியபடி திருத்தினால் காரணத்தோடு இருந்த வெட்டையும் அடைத்துவிட நேரும்.

ஏட்டெழுத்தின் இயல்பு இந்தச் சிக்கலைப் பெருக்கியது. ஏடு கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. கால் என்ற அடையாளமும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். வாசிப்பவர் பொருளுணர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிட நுட்பமான தேய்வு வேறொன்று. அரிய சொல் ஒன்று வருமிடத்தில், அதை அறியாத எழுதுவோர் தமக்குப் பழக்கமான எளிய சொல்லை எழுதிவிடுவார். வாசிக்கும்போது தடை இராது; வழுவழுப்பாக ஓடும். அங்கேயும் தேய்வு மெருகாகத்தான் தெரிகிறது. கரடுமுரடாக நிற்கும் பழைய பாடம் எழுதியவரின் பிழை போலத் தோற்றமளிக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வேலையை அச்சு மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வரிசையில் நிற்பவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அவர் பதிப்பித்தார். ஏடுகள் கைபட்டாலே உதிரும் நிலையில் கிடந்ததைத் தம் பதிப்புரையிலே மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவை முற்றாக உதிர்ந்து போவதற்கு முன்பு கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. அதே 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். தாம் ஏற்காத பாடபேதங்களையும் அடிக்குறிப்பிலே தந்தார் என்பது அவருடைய பதிப்புகளின் தனிச்சிறப்பு. விளங்காததை எறியாமல் மட்டையில் கீறி வைத்த செயல் அது.

ஒரே சுவடி இருந்தால் அதன் பிழையைக் காண வழியில்லை. இரண்டு இருந்தால் அவை வேறுபடுவதைக் காணலாம். எது சரி என்று சொல்ல முடியாது. மூன்றாவது கிடைக்கும்போதுதான் வழி பிறக்கிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மூன்றில் இரண்டு ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவையாயின், அவை இரண்டும் ஒன்றுபடுவது பெரும்பான்மை ஆகாது. ஒரே பிழையை இருவர் சொல்வதுதான் அது. சாட்சிகளை எண்ணினால் போதாது, நிறுக்க வேண்டும். நமது இலக்கிய விமர்சனத்துக்கும் இது பொருந்தும் என நினைக்கிறேன். எழுத்தாளரும் அவரைப் பாராட்டும் குழுவும் ஒருவரோடொருவர் அழகாகப் பொருந்திக்கொள்வதை நாம் அடிக்கடி காண்கிறோம். குழிவும் குவிவும் பொருந்துகின்ற பொருத்தமா அது என்பதைச் சொல்ல, அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் வாசகர் என்ற மூன்றாவது தட்டு தேவைப்படுகிறது.

கழற்றுவதற்கு முன்பு கேட்க வேண்டும் என்று அந்த ஆசாரியார் சொன்னாரே, கேட்பதற்கு முன்பே பறிபோனவையும் எங்களிடம் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் கட்டடம் மீண்டும் எழுந்தது. புதிய நூல்கள் வந்து சேர்ந்தன. வேறிடத்தில் ஒரு பிரதியாவது இருந்த நூல்களை மீண்டும் பெற முடியும். தனிப்பிரதியாக இருந்த சுவடிக்கு மேற்பலகை மாற்ற முடியாது. அளவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை. அந்த இழப்பின் உண்மையான கனம் 97,000 என்ற எண்ணில் இல்லை. அந்த எண்ணுக்குள் எத்தனை தனிப்பிரதிகள் இருந்தன என்பதில் இருக்கிறது.

2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துப் பாதுகாத்து வருகிறது. படம்பிடிப்பதில் ஒரு நன்மை உண்டு. பூச்சி அரித்த துளையும், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பும், அச்சுப் பிழையும் எல்லாமே அப்படியே பதிவாகின்றன. எது தேய்வு, எது வேலை என்று இன்றே தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நமக்குப் பின் வருபவர் கேட்டுக்கொள்வார். அந்தப் படத்தைப் பார்த்து மீண்டும் தட்டச்சுச் செய்யும் கணத்தில், பழைய ஏடெழுதுவோரின் பொறுப்பு முழுவதும் நம் தோளில் வந்து ஏறுகிறது.

பழையவை எல்லாம் தேய்ந்தவை, எறிந்துவிடுங்கள் என்று ஒரு குரல் நமது இலக்கிய உலகில் எப்போதும் கேட்கிறது. பழையவற்றின் பள்ளத்தையும் கும்பிட வேண்டும் என்று இன்னொரு குரல் கேட்கிறது. முதலாமவர் அளவெடுக்காமல் பலகையை விறகாக்குகிறார். இரண்டாமவர் பள்ளம் விழுந்த மேசையிலேயே அறுத்துக்கொண்டிருக்கிறார். கதவு முட்டும்போது மரத்தைக் குறை சொல்கிறார். இரண்டு பேரும் செய்யத் தவறுவது, ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பலகையைப் புரட்டி அதன் கீழ்முகத்தையும் பார்க்கும் உழைப்பு வேண்டும்.

உங்களுடைய வீடுகளில் பரணிலோ பெட்டகத்திலோ பழைய ஏட்டுக் கட்டு ஒன்று கிடக்கலாம். பாட்டனாரின் கையெழுத்துப் பிரதி, அட்டை இழந்த நூல், நின்றுபோன சஞ்சிகையின் சில இதழ்கள் கிடக்கலாம். வீடு திருத்தும்போதும் இடம் மாறும்போதும் அவை முதலில் கழிவுக் குவியலுக்குப் போகின்றன. போவதற்கு முன்பு ஒருமுறை திறந்து பாருங்கள். என்ன நூல், யார் அச்சிட்டது, எந்த ஆண்டு, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். வேறொருவரிடம் அதே நூலின் இரண்டு பிரதிகள் இருந்து, அவை எது சரி என்று தெரியாமல் மூன்றாவதற்காகக் காத்திருக்கவும் கூடும்.